கையால் செய்த ஸ்டெயின்ட் கிளாஸ் விற்பனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்ணக் கண்ணாடியை வெட்டி, செம்பு நாடா சுற்றி, சால்டர் (துண்டுகளை இணைக்க உருக்கி வைக்கும் உலோகக் கலவை) வைத்துத் தனியாளாக வேலை செய்து விற்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன. எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால். பதில்கள் பெரும்பாலும் இந்தச் செம்பு நாடா (காப்பர் ஃபாயில்) முறையை மனதில் வைத்து எழுதியவை. ஈயச் சட்டம் கோக்கும் முறைக்கு ஏதாவது மாறினால் அந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறோம்.

1. "இது கண்ணாடியில பெயின்ட் அடிக்கிறதுதானே?"ன்னு வாங்க வர்றவங்க கேக்குறாங்க. என்ன சொல்லிப் புரிய வைக்கிறது?

வாயால் சொல்வதைவிடக் கையில் கொடுப்பது நல்லது. முனை தேய்த்த ஒரு வண்ணக் கண்ணாடித் துண்டை மேசையில் வைத்திருங்கள். அதன் வெட்டுமுனையைத் திருப்பிக் காட்டினால், நிறம் மேலே பூசியதாக இல்லாமல் 3 மி.மீ. தடிமன் முழுக்க ஓடுவது தெரியும். கண்ணாடியை உருக்கும்போதே உலோகக் கூட்டுப்பொருட்களைச் சேர்ப்பதால் வரும் நிறம் இது: நீலத்துக்குக் கோபால்ட், பச்சைக்குக் குரோமியமோ இரும்போ, சிவப்புக்குச் செலினியமோ தங்கமோ. பக்கத்திலேயே செம்பு நாடா சுற்றிய ஒரு துண்டையும், சால்டர் வைத்த இரண்டு துண்டுகளையும் வைத்துவிட்டால் வேலையின் மூன்று கட்டங்களும் அரை நிமிடத்தில் புரிந்துவிடும்.

பெயின்ட் அடித்தவையும் வண்ணப் படலம் ஒட்டியவையும் இதே பெயரில் விற்பனைக்கு வருகின்றன. அதனால் விவரக்குறிப்பின் முதல் வரியிலேயே "தனித்தனியாக வெட்டிய 40 கண்ணாடித் துண்டுகள், செம்பு நாடா, சால்டர்" என்று எண்ணிக்கையோடு எழுதிவிடுங்கள்.

2. எந்த அளவுக்குக் கை பழகின பிறகு விக்க ஆரம்பிக்கலாம்?

எத்தனை மாதம் பழகினீர்கள் என்பதை வைத்து இதைச் சொல்ல முடியாது. பொருளை எடுத்துப் பாருங்கள். சால்டர் கோடு இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் உருண்டு வந்திருக்க வேண்டும். பின்பக்கம்தானே என்று தட்டையாக விட்டிருக்கக் கூடாது. கோட்டின் அகலம் ஓரிடத்தில் 3 மி.மீ., இன்னோரிடத்தில் 7 மி.மீ. என்று ஓடினால் வெட்டும் தேய்ப்பும் இன்னும் படியவில்லை. நகத்தால் நெருடினால் நாடா எங்கும் தூக்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைச் சுற்றி விரலை மெதுவாக ஓட்டுங்கள். ஏதாவது குத்தினால் அது விற்கும் நிலையில் இல்லை.

கடைசியாக, ஒரு வாரம் ஜன்னலில் மாட்டி வைத்துப் பாருங்கள். கழுவியது போதாமல் இருந்தால் அதற்குள் வெள்ளை பூக்கத் தொடங்கும் (16ஆம் பதில்). முதல் பத்து உருப்படிகளுக்காவது இந்த ஒரு வாரத்தைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள்.

3. முதல்ல எதைச் செஞ்சு விக்கிறது? சின்னதா, பெரிசா?

5 முதல் 12 துண்டுகள் வரை உள்ள சன்கேட்சர்கள், அதாவது ஜன்னலில் தொங்கவிடும் சின்ன அலங்காரங்கள். கையளவு இருக்கும், லேசானது, அனுப்புவதும் எளிது. பெரிய பேனலுக்கு வெட்டி மிச்சமாகும் கண்ணாடியும் இதில் செலவாகிவிடும். ஒவ்வொன்றாகச் செய்யாமல் ஒரே வடிவத்தைப் பத்துப் பத்தாகச் செய்யுங்கள்: பத்துக்கும் வெட்டு, பத்துக்கும் தேய்ப்பு, பத்துக்கும் நாடா, பிறகு சால்டர். கருவியை மாற்றி மாற்றி எடுக்கும் நேரம் மிச்சம்; கழுவுவதும் பட்டினா (சால்டரின் நிறத்தை மாற்றும் திரவம்) போடுவதும் ஒரே தடவையில் முடியும்.

வடிவம் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை நேராக ஓடும் கோடு இருந்தால், பொருள் அங்கே கீல் வைத்ததுபோல மடங்கும். கோடுகளை முன்பின்னாக மாற்றி அமைக்க வேண்டும், அல்லது அந்த இணைப்புக்குள் மெல்லிய செம்புப் பட்டையை நிறுத்திச் சால்டர் வைக்க வேண்டும்.

4. என்ன விலை வைக்கிறதுன்னே தெரியலை. எப்படிக் கணக்குப் போடுறது?

விலையில் பெரும்பகுதி நேரம்தான். அந்த நேரத்தைத்தான் எல்லோரும் குறைத்து எண்ணுகிறார்கள். 25×35 செ.மீ. அளவில் 40 துண்டுள்ள ஒரு பேனலை எடுத்துக்கொள்வோம். வடிவத்தைப் படியெடுத்து வெட்ட 45 நிமிடம். கண்ணாடி வெட்ட துண்டுக்கு 3 நிமிடம் வீதம் 120. தேய்க்க 80. நாடா சுற்றி அழுத்த 80. இரண்டு பக்கமும் சால்டர் 120. ஓரச் சட்டமும் வளையமும் 40. கழுவி, பட்டினா போட்டு, மெழுகு தேய்க்க 45. படம் எடுத்து, விவரம் எழுதி, பேக் செய்ய 50. மொத்தம் 580 நிமிடம், அதாவது 9 மணி 40 நிமிடம். வெட்டும் சால்டரும் மட்டும் நினைவில் நிற்பதால் "நாலு மணி நேர வேலை" என்று சொல்லி, பாதிக்கு மேல் உழைப்பை இலவசமாகக் கொடுத்துவிடுகிறோம். மூன்று பொருட்களுக்காவது கடிகாரம் வைத்துக் குறித்துப் பாருங்கள்.

பொருள் செலவில் கண்ணாடிக்கு வடிவத்தின் பரப்பைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் போடுங்கள். வளைவு அதிகமானால், அல்லது கண்ணாடியின் கோடு ஓடும் திசையைப் பார்த்து வெட்ட வேண்டியிருந்தால் பாதி கூடுதல். மேலே சொன்ன பேனலுக்குச் செம்பு நாடா ஏறக்குறைய 8 முதல் 9 மீட்டர் போகும். சால்டரை ஊகிக்க வேண்டாம்: சுருளை வேலைக்கு முன்னும் பின்னும் தராசில் வையுங்கள், வித்தியாசம்தான் செலவு. கிரைண்டர் முனை, சால்டர் அயர்ன் முனை, ஃப்ளக்ஸ் (சால்டர் பிடிக்கப் பூசும் அமிலக் கலவை), மின்சாரம், உடைந்து வீணானது எல்லாவற்றுக்கும் சேர்த்து 10 முதல் 15 சதவீதம்.

பொருள், உழைப்பு, இந்தச் சில்லறைச் செலவு மூன்றும் சேர்ந்தது அடக்கம். நேரில் விற்றாலும் ஸ்டால் வாடகை, கட்டணம், விற்க நின்ற நேரம் எல்லாம் இருக்கின்றன. ஆகவே அடக்கமே விற்பனை விலை ஆகாது. பின்னால் கடைகளுக்கும் கொடுக்கும் எண்ணம் இருந்தால் முதல் நாளிலிருந்தே அடக்கத்தின் இரண்டு மடங்கை விலையாக வைப்பது நல்லது. காரணம் 7ஆம் பதிலில்.

5. சதுர அடிக்கு இவ்வளவுன்னு ஒரே ரேட் சொல்லிடலாமா?

போனில் கேட்பவருக்குத் தோராயமாகச் சொல்லப் பயன்படும், அவ்வளவுதான். ஒரே சதுர அடியில் 9 கட்டங்களும் வரலாம், 90 இதழ்களும் வரலாம். உங்கள் நேரத்தை முடிவு செய்வது துண்டுகளின் எண்ணிக்கை. நேரக் குறிப்பு கையில் இருந்தால் "ஒரு துண்டுக்கு இத்தனை நிமிடம்" என்று உங்களுக்கே ஒரு சராசரி கிடைத்துவிடும். மேலே உள்ள கணக்கில் அது 14.5 நிமிடம். வரைபடத்தில் துண்டுகளை எண்ணி அதால் பெருக்குவது சதுர அடிக் கணக்கைவிட உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

6. விலையைக் கேட்டதும் "இவ்வளவா?"ன்னு போயிடுறாங்க. குறைச்சிடட்டுமா?

இருக்கும் பொருளின் விலையைக் குறைக்காதீர்கள். குறைந்த விலைக்கென்றே வேறு பொருள் செய்யுங்கள். 40 துண்டுப் பறவையை விரும்பி விலை கேட்டுத் தயங்குகிறவருக்கு 9 துண்டில் அதே பறவை இருந்தால் வாங்கிப் போவார். முன்பு முழு விலை கொடுத்தவருக்கு அது அநியாயமாகவும் தெரியாது. நாடா சரியாக ஒட்டாதது, கோடு கோணியது போன்றவற்றை "இரண்டாம் தரம்" என்று குறையை வெளிப்படையாகச் சொல்லி விற்கலாம். விரிசல் உள்ளதை மட்டும் எந்த விலைக்கும் விற்காதீர்கள்.

7. கடையில வைக்கக் கொடுத்தா பாதி எடுத்துக்கிறாங்க. இது நியாயமா?

40 முதல் 50 சதவீதம் கடைகளும் கேலரிகளும் வழக்கமாகக் கேட்பதுதான். வாடகை, வெளிச்சம், விற்பவரின் சம்பளம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அடக்கம் 100 என்றால், பாதி போன பிறகும் 100 கைக்கு வர விற்பனை விலை 200 இருக்க வேண்டும். 4ஆம் பதிலில் இரண்டு மடங்கு சொன்னது இதற்காகத்தான். நீங்கள் நேரடியாக விற்கும்போதும் அதே 200 வையுங்கள். கடையில் பார்த்தவர் உங்களிடம் 130க்கு வாங்கினால் அந்தக் கடை உங்களோடு நீடிக்காது.

மொத்தமாகக் காசு கொடுத்து வாங்குவதும், விற்ற பிறகு காசு தருவதும் வேறு வேறு. இரண்டாவது முறையில் எழுத்தில் நான்கு விஷயங்கள் இருக்கட்டும்: சதவீதம், பணம் தரும் தேதி, கடையில் உடைந்தால் யார் பொறுப்பு, எத்தனை நாளில் திரும்ப எடுக்கலாம். கண்ணாடிக்கு மூன்றாவதுதான் முக்கியம். உடைந்தால் உங்கள் பங்கு முழுவதையும் கடை தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கொடுக்கும் ஒவ்வொன்றையும் படம் எடுத்துப் பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

8. ஆன்லைன் தளத்துல போட்டா கட்டணமே சாப்பிட்டுடுமா?

கணக்கில் சேர்க்காவிட்டால் சாப்பிட்டுவிடும். உதாரணமாக எட்ஸி தளம் 2022 ஏப்ரலில் விற்பனைக் கட்டணத்தை 5 சதவீதத்திலிருந்து 6.5 ஆக்கியது. பணப் பரிமாற்றக் கட்டணமும் விளம்பரமும் அதற்கு மேல். பேக்கிங் பொருளுக்கும் அனுப்பும் செலவுக்கும் சேர்த்தே கட்டணம் பிடிப்பார்களா என்பதைத் தளத்தின் விதிகளில் பாருங்கள். பலர் அங்கேதான் ஏமாறுகிறார்கள்.

9. நேர்ல பளிச்சுனு இருக்கு, போட்டோல மட்டும் கறுப்பா, செத்துப்போன மாதிரி வருது. ஏன்?

ஒளி கண்ணாடிக்கு முன்னாலிருந்து விழுகிறது, அதனால். சாதாரணப் பொருளை எடுப்பதுபோல மேசையில் படுக்க வைத்து எடுத்தால், ஒளி ஊடுருவும் கண்ணாடி கறுப்பாகத்தான் தெரியும். நேர் வெயில் விழாத பெரிய ஜன்னலில் மாட்டி, அதற்குப் பின்னால் ஒரு அடி தள்ளி வெள்ளைத் துணியோ டிரேசிங் தாளோ தொங்கவிடுங்கள். வெளியே உள்ள மரமும் சுவரும் மறைந்து சீரான ஒளி கிடைக்கும். போன் திரையில் கண்ணாடியின் மிகப் பிரகாசமான துண்டைத் தொட்டு, அதன் நிறம் வெளிறாத அளவுக்கு ஒளியளவைக் கீழே இறக்குங்கள். படம் கொஞ்சம் இருட்டாக வந்தாலும் நிறம் தங்கும். வெளிறிப்போன நிறத்தைப் பிறகு மீட்க முடியாது.

பின்னொளி இல்லாமல் ஒரு படமும் கட்டாயம் வேண்டும். இரவில் வாங்கியவர் வீட்டில் அது அப்படித்தான் தெரியும். பால்போன்ற ஓபலெசென்ட் கண்ணாடி அப்போதும் நிறம் காட்டும். கத்தீட்ரல் வகை, அதாவது ஊடே பார்க்கக்கூடிய கண்ணாடி, இருண்டு போகும். இதை முன்கூட்டியே காட்டிவிட்டால் "படத்தில் இருந்தது வேறு" என்ற புகார் வராது. கையில் பிடித்த படம் ஒன்று அளவுக்கு, பின்பக்கம் ஒன்று, வெயில் பட்டுத் தரையில் நிறம் விழும் பத்து விநாடி வீடியோ ஒன்று. கறுப்புப் பட்டினா போட்ட சால்டர் கண்ணாடிபோல் பிரதிபலிக்கும், அதனால் கறுப்புச் சட்டை அணிந்து எடுங்கள்.

10. கண்காட்சியில ஸ்டால் போட்டா எப்படி மாட்டி வைக்கிறது?

மேசையில் பரப்பினால் ஒன்றும் விற்காது. கண் உயரத்தில் கம்பிவலைச் சட்டம் நிறுத்தி அதில் மாட்டுங்கள். வெளியிடமானால் சூரியன் பொருளுக்குப் பின்னால் வரும்படி, ஸ்டால் பார்க்கும் திசையை மாற்றித் தரச் சொல்லுங்கள். உள்ளரங்கமானால் தட்டையான எல்.இ.டி. பலகை ஒன்று அவசியம். சட்டத்தின் காலில் மணல்மூட்டை கட்டுங்கள், ஒவ்வொரு பொருளையும் மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு இடத்தில் கட்டுங்கள். காற்றில் ஆடி ஒன்றோடொன்று மோதித்தான் பெரும்பாலும் உடைகிறது.

11. வளையம் கழன்று விழுந்துடுச்சுன்னு ஒருத்தர் திருப்பி அனுப்பினாங்க. நல்லாத்தானே சால்டர் வெச்சேன்?

சால்டர் நன்றாகவே பிடித்திருக்கும், நாடாதான் விட்டிருக்கும். செம்பு நாடா கண்ணாடியோடு வெறும் பசையால் ஒட்டியிருக்கிறது. விளிம்பின் நடுவில், ஒரே துண்டின் மேல் வளையம் வைத்தால் மொத்த எடையும் அந்தப் பசையில் தொங்கும். சால்டர் சூட்டில் பசையும் இளகியிருக்கும். சில மாதங்களில் நாடா உரிந்து, வளையத்தோடு சேர்ந்து வந்துவிடும்.

இரண்டு துண்டுகள் சேரும் கோடு விளிம்பைத் தொடும் இடத்தில்தான் வளையம் வர வேண்டும். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியை ஒரு ஆணியில் சுற்றி வளையமாக்கி, மீதி இரண்டு முனைகளையும் 3 முதல் 4 செ.மீ. நீளம் விடுங்கள். அந்தக் கால்களை இணைப்புக் கோட்டின் பள்ளத்துக்குள் படுக்க வைத்து, மேலே சால்டர் ஓடவிட்டுப் புதைத்துவிடுங்கள். சரியான இடத்தில் கோடு இல்லையென்றால் கம்பியைப் பொருளின் விளிம்பு முழுக்கச் சுற்றி ஓட்டலாம். உள்ளங்கைக்கு மேல் பெரிதானால் இரண்டு வளையம்.

3 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 7.5 கிலோ. 25×35 செ.மீ. பேனலில் கண்ணாடி மட்டும் 650 கிராமுக்கு மேல். சால்டரும் ஜிங்க் சட்டமும் சேர்ந்தால் ஒரு கிலோவை நெருங்கும். இந்த எடைக்கு மீன்பிடி நரம்பு வேண்டாம், வெயிலில் நாளடைவில் நைந்து அறும். சங்கிலி போடுங்கள். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கொக்கியைச் சின்னச் சன்கேட்சருக்கு மேல் எதற்கும் பரிந்துரைக்காதீர்கள். அனுப்பும் முன் பொருளை மாட்டி, அதன் எடையைப் போல இரண்டு மடங்கு கூடுதலாகத் தொங்கவிட்டு ஒரு இரவு பாருங்கள்.

12. ஈயம் இருக்கே, வீட்டுல வெச்சா ஆபத்தான்னு கேக்குறாங்க.

நேர்மையாகச் சொல்லுங்கள்: 60/40 சால்டரில் 40 சதவீதம் ஈயம். ஜன்னலில் தொங்கும் பொருளிலிருந்து அது காற்றில் கலப்பதில்லை. கையில் ஒட்டி வாய்க்குப் போவதுதான் வழி. ஆகவே தொட்ட பிறகு கை கழுவ வேண்டும், குழந்தைகளின் கைக்கும் வாய்க்கும் எட்டாமல் மாட்ட வேண்டும், கிண்ணமாகவோ தட்டாகவோ செய்திருந்தால் அதில் உணவு வைக்கக் கூடாது. இந்த மூன்றையும் ஒரு சிறு அட்டையில் அச்சிட்டு ஒவ்வொரு பொருளோடும் அனுப்புங்கள். கலிஃபோர்னியா போன்ற இடங்களில் எச்சரிக்கைக் குறிப்பு சட்டப்படியே தேவைப்படலாம். எந்த நாட்டுக்கு அனுப்புகிறீர்களோ அங்குள்ள விதியைப் பாருங்கள்.

உங்களுக்கு உள்ள ஆபத்து வாங்குபவரைவிட அதிகம். வேலை மேசையில் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது இரண்டும் கூடாது. அயர்ன் வழக்கமாக 370 முதல் 400 டிகிரியில் இருக்கும்; ஈயம் கொதிப்பது 1,700 டிகிரிக்கு மேல். ஆகவே எழும் புகை பெரும்பாலும் ஃப்ளக்ஸின் புகை. அதுவும் மூச்சுக்குழாயை அரிக்கும், வெளியே இழுக்கும் விசிறி வையுங்கள். கண்ணாடித் தூளையும் சால்டர் துகளையும் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், துடைப்பம் போட வேண்டாம்.

13. அதே முறையில கம்மல், குழந்தைங்க ரூம்ல தொங்குற பொம்மை செஞ்சு விக்கலாமா?

ஈயச் சால்டரில் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நகையின் எந்தப் பகுதியிலும் ஈயம் எடையில் 0.05 சதவீதத்தை எட்டக் கூடாது. அமெரிக்காவில் குழந்தைகளுக்கான பொருளில் 100 பி.பி.எம்., அதாவது 0.01 சதவீதம்தான் வரம்பு. 40 சதவீதத்துக்கும் இவற்றுக்கும் உள்ள தூரம் உங்களுக்கே தெரியும். சட்டம் இல்லாத இடத்திலும் தோலில் உரசுவதற்கும் குழந்தை கடிப்பதற்கும் இதைக் கொடுக்கக் கூடாது என்பதே எங்கள் கருத்து.

நகைக்கு ஈயமில்லாச் சால்டர் இருக்கிறது. வெள்ளீயத்தோடு சிறிது வெள்ளியோ செம்போ கலந்தது. 60/40 சால்டர் 190 டிகிரிக்குள் முழுக்க உருகிவிடும். இதற்கு 220ஐ ஒட்டித் தேவை. மெதுவாக ஓடும், அதே பளபளப்பில் உருளாது, விலையும் கூடுதல். பட்டினாவும் அதற்கென்றே உள்ளதை வாங்க வேண்டும். அயர்ன் முனையைத் தனியாக வைத்திருங்கள். ஈயச் சால்டர் ஒட்டிய முனையில் ஈயமில்லா நகை செய்தால் அது ஈயமில்லாததாக இருக்காது.

14. எவ்வளவு பபிள் ரேப் சுத்தினாலும் உடைஞ்சே போகுது. எப்படித்தான் பேக் பண்றது?

உடைவது அநேகமாக வளைவதால்தான். பபிள் ரேப் அடியைத் தாங்கும், வளைவைத் தடுக்காது. முதலில், பட்டினாவும் மெழுகும் போட்டு ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். அமிலமில்லாத டிஷ்யூத் தாளில் சுற்றுங்கள். பபிள் ரேப்பை நேரடியாகச் சுற்றினால் சால்டர் மேல் வட்ட வட்டமாக அச்சு விழும். சங்கிலியைத் தனியாகச் சுற்றி ஓரமாக வையுங்கள். கண்ணாடி மேல் கிடந்தால் அதுவே சுத்தியலாகிவிடும்.

பிறகு, பொருளைவிட நாலு பக்கமும் 4 செ.மீ. பெரிதான இரண்டு கெட்டியான ஃபோம் பலகைகளுக்கு நடுவில் வைத்து, பலகைகளை இறுகக் கட்டி டேப் போடுங்கள். உள்ளே பொருள் நகரக் கூடாது. நகர்ந்தால் ஓரத்தில் ஃபோம் துண்டு செருகுங்கள். இதை ஒரு பெட்டிக்குள்ளும், அந்தப் பெட்டியை 5 செ.மீ. இடைவெளி விட்ட இன்னொரு பெட்டிக்குள்ளும் வையுங்கள். இடைவெளியை மெத்தென்று நிரப்பி, மூலைகளை மட்டும் இன்னும் கெட்டியாக அடையுங்கள். கீழே விழும் பெட்டி பெரும்பாலும் மூலையில்தான் விழும். பேனல் படுத்த நிலையில் போகாமல் நிமிர்ந்து போகும்படி அம்புக்குறி போடுங்கள்.

மூடிய பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். சின்னச் சத்தம் வந்தாலும் பிரித்துத் திரும்பக் கட்டுங்கள். விற்காத பழைய மாதிரி ஒன்றை இதேபோலக் கட்டி, இடுப்பு உயரத்திலிருந்து ஆறு பக்கமும் ஒரு மூலையும் தரையில் விழும்படி போட்டுப் பார்த்தால், உங்கள் பேக்கிங் மேல் உங்களுக்கே நம்பிக்கை வரும்.

15. வழியில உடைஞ்சா காசு யார் தர்றது?

வாங்கியவரைப் பொறுத்தவரை நீங்கள்தான். கூரியர் காப்பீடு தருமா என்பது அவர்கள் விதியைப் பொறுத்தது. கண்ணாடியை விலக்கிவைக்கும் நிறுவனங்கள் உண்டு, பணம் கட்டும் முன் படியுங்கள். பேக் செய்யும் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுங்கள். வாங்குபவர் பிரித்த அன்றே பெட்டியோடு படம் அனுப்ப வேண்டும் என்று அட்டையில் எழுதுங்கள்.

16. வித்து ரெண்டு மாசத்துல சால்டர் மேல வெள்ளையா, பச்சையா பூத்துடுச்சாம். ஏன்?

ஃப்ளக்ஸ் மிச்சம். அமிலம் நாடாவின் ஓரத்துக்குக் கீழே ஒளிந்திருந்து, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து மெதுவாக வெளியே வருகிறது. சால்டர் முடிந்த அன்றே கழுவ வேண்டும், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு, கூடச் சமையல் சோடா ஒரு கரண்டி, மென்மையான பிரஷ், இரண்டு பக்கமும். சோடா அமிலத்தை முறிக்கும். பட்டினா போட்ட பிறகும் ஒரு தடவை கழுவி, முழுக்கக் காய்ந்ததும் கார்னுபா மெழுகு தேய்த்து மெருகேற்றுங்கள்.

திரும்பி வந்ததைச் சரிசெய்ய முடியும். மேலே சொன்னபடி கழுவி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஓரங்களைத் தேய்த்து, பட்டினா போன இடத்தில் மீண்டும் போட்டு மெழுகு பூசுங்கள். அம்மோனியா கலந்த கண்ணாடி சுத்தம் செய்யும் திரவம் பட்டினாவைக் கெடுக்கும். 12ஆம் பதிலில் சொன்ன அட்டையில் "உலர்ந்த மென்துணி மட்டும்" என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள்.

17. "யாரும் தொடவே இல்லை, தானா விரிசல் விட்டுச்சு"ங்கிறாங்க. நம்பலாமா?

நம்பலாம், அப்படியும் நடக்கும். படம் வாங்கிப் பாருங்கள். ஒரு புள்ளியிலிருந்து பல பக்கம் நட்சத்திரம்போல் ஓடினால் அடி விழுந்திருக்கிறது. சால்டர் கோட்டின் ஓரத்தில் தொடங்கி ஒரே கீறலாக ஓடினால் காரணம் செய்முறையில் இருக்கிறது. துண்டுகள் இடைவெளியே இல்லாமல் நெருக்கியிருக்கலாம். சூடான அயர்ன் ஓரிடத்தில் அதிக நேரம் நின்றிருக்கலாம். உள்வளைவு மிக ஆழமாக இருக்கலாம். பிறைநிலாவின் உட்புறம் போன்ற வடிவங்களில் கண்ணாடி இந்த வளைவின் அடியிலிருந்துதான் விடும். இப்படியானால் கேள்வி கேட்காமல் மாற்றிக் கொடுங்கள்.

அடுத்த தடவை இணைப்பில் நாடா சுற்றிய துண்டுகள் தளர்வாக உட்காரும்படி தேய்த்துக்கொள்ளுங்கள். ஆழ்ந்த உள்வளைவை வடிவத்திலேயே இரண்டு துண்டாகப் பிரித்துவிடுங்கள்.

18. வெயில்ல நிறம் மங்குமா? தோட்டத்துல வெக்கலாமா?

கண்ணாடியின் நிறம் மங்காது, காரணம் முதல் பதிலில் இருக்கிறது. மேலே சாதாரணப் பெயின்ட் தீட்டியிருந்தால் அது மங்கும். மழையில் பட்டினா கழுவப்பட்டுச் சால்டர் வெளுக்கும்; தோட்டத்துக்கென்று விற்றால் அப்படித்தான் ஆகும் என்று சொல்லியே விற்க வேண்டும். இன்னொன்று: குவிந்த கண்ணாடி மணிகளும் உருண்டைகளும் வெயிலைக் குவித்து அருகிலுள்ள திரைச்சீலையைக் கருக்கக்கூடும். அவை உள்ள பொருளுக்கு அட்டையில் இதையும் எழுதுங்கள்.

19. இணையத்துல கிடைச்ச டிசைனைப் பார்த்துச் செஞ்சு விக்கலாமா?

"இலவசம்" என்று இருந்தால் வரைந்தவர் வீட்டு உபயோகத்துக்கு மட்டும் அனுமதித்திருக்கலாம். விற்பனைக்கு அனுமதி உண்டா, எத்தனை வரை என்று அவர் எழுதியதைப் படியுங்கள். எழுதவில்லை என்றால் கேளுங்கள். கார்ட்டூன் பாத்திரங்கள், நிறுவனச் சின்னங்கள், அடுத்தவர் எடுத்த புகைப்படம் மூன்றும் வேண்டவே வேண்டாம். நிறத்தை மாற்றிவிட்டால் உங்களுடையதாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை. செம்பு நாடா முறையைப் பலர் டிஃபனி முறை என்பார்கள். அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் லூயி கம்ஃபர்ட் டிஃபனி 1933இல் காலமானவர், ஆனால் அந்தப் பெயர் இன்றும் ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர். பொருளின் பெயரில் அதைப் போடாமல் செம்பு நாடா வேலை என்றே எழுதுங்கள்.

20. ஆர்டர் கொடுத்துட்டு, முடிஞ்ச பிறகு "இந்த நீலம் இல்லை"ங்கிறாங்க. எப்படித் தவிர்க்கிறது?

திரையில் பார்த்த நீலமும் ஜன்னலில் உள்ள நீலமும் ஒன்றாக இருக்காது. பெரிய வேலையானால் 3 செ.மீ. மாதிரித் துண்டுகளை, விளிம்பு தேய்த்து, எண் ஒட்டி அனுப்பிவைத்து, அவர் ஜன்னலிலேயே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். துண்டுக்குத் துண்டு எண் போட்ட வரைபடத்தில் அவர் சம்மதம் எழுத்தில் வந்த பிறகே கண்ணாடி வாங்குங்கள். வரைபடத்துக்குத் தனிக் கட்டணம், வேலை தொடங்க 50 சதவீதம் அட்வான்ஸ், மீதி அனுப்பும் முன். வெட்டத் தொடங்கிய பிறகு மாற்றம் கேட்டால் கூடுதல் தொகை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டால் மனக்கசப்பு வராது.

21. "போன வருஷம் வாங்கினதே மாதிரி இன்னொண்ணு"ன்னு கேட்டா?

அதே வடிவம் தரலாம், அதே கண்ணாடியை உறுதி சொல்லாதீர்கள். நிறங்கள் கலந்தோடும் கண்ணாடித் தாள்களில் இரண்டு ஒன்றுபோல் இருப்பதில்லை. நிறமே நின்றுபோவதும் உண்டு: அமெரிக்காவின் ஸ்பெக்ட்ரம் என்ற கண்ணாடி நிறுவனம் 2016இல் உற்பத்தியை நிறுத்தியபோது, அதன் கண்ணாடியை நம்பி வடிவம் போட்டிருந்தவர்கள் மாற்றுத் தேடி அலைந்தார்கள். பின்னர் ஓஷன்சைட் நிறுவனம் அந்த வகைகளை எடுத்துச் செய்தது.

விற்ற ஒவ்வொரு பெரிய வேலைக்கும் ஒரு உறை போட்டு வையுங்கள். வடிவத் தாள், தயாரிப்பாளர் பெயர், கண்ணாடி எண், ஒவ்வொரு நிறத்திலும் கையளவு மிச்சத் துண்டு. 17ஆம் கேள்வியைப் போல ஒரு துண்டை மாற்ற வேண்டி வந்தால் இந்த உறைதான் கைகொடுக்கும்.

22. இருக்கிற ஜன்னல் கண்ணாடியை எடுத்துட்டு நம்ம பேனலைப் பொருத்தித் தரச் சொல்றாங்க. ஒத்துக்கலாமா?

அனுபவம் இல்லாமல் ஒத்துக்கொள்ள வேண்டாம். கதவிலும் தரையை ஒட்டிய ஜன்னலிலும் பாதுகாப்புக் கண்ணாடிதான் வைக்க வேண்டும் என்று பல நாடுகளின் கட்டட விதிகள் சொல்கின்றன. நம் பேனல் அந்த வகையில் வராது. காற்றின் அழுத்தம், மழைநீர் இரண்டையும் தாங்க வேண்டும். வெயிலில் ஈயம் கண்ணாடியைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும். பல வருடம் விரிந்து சுருங்கிப் பேனல் தொப்பை போடுவது இப்படித்தான். இருக்கும் கண்ணாடியை அப்படியே விட்டு, அதற்கு உட்புறம் நம் பேனலைச் சட்டத்தில் நிறுத்துவதே நல்லது. மழை, காற்று, பாதுகாப்பு மூன்றையும் வெளிக்கண்ணாடி பார்த்துக்கொள்ளும்.

அளவெடுக்கும்போது அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்திலும், உயரத்தை இடம், நடு, வலம் என மூன்று இடத்திலும் எடுங்கள். சிறிய அளவை வைத்துக்கொண்டு பக்கத்துக்கு 3 மி.மீ. கழியுங்கள். மூலைவிட்டம் இரண்டையும் அளந்தால் சட்டம் கோணலா என்பது தெரியும். எந்தப் பக்கமாவது 60 செ.மீ.ஐத் தாண்டினால் குறுக்குக் கம்பி வைத்து வலுவூட்டுங்கள். வாடிக்கையாளர் சொல்லும் அளவை நம்பி வெட்டாதீர்கள். நேரில் போக முடியாவிட்டால், அட்டையை அந்தச் சட்டத்துக்குள் பொருந்தும்படி வெட்டி அனுப்பச் சொல்லுங்கள்.

23. பழைய பேனல் ஒண்ணைக் கொண்டுவந்து ரிப்பேர் பண்ணச் சொல்றாங்க. விலை எப்படிச் சொல்றது?

பார்க்காமல் சொல்லாதீர்கள். ஒரு துண்டு உடைந்ததுபோல் தெரியும், பிரித்தால் சுற்றியுள்ள ஈயச் சட்டம் முழுக்க நொறுங்கும். பார்வையிட ஒரு கட்டணம், பிறகு மணிக்கணக்கில் கூலி, "இதற்கு மேல் போனால் கேட்டுத் தொடர்வேன்" என்று ஒரு வரம்பு. செம்பு நாடா வேலையில் ஒரு துண்டை மாற்றுவது புதிதாக ஒரு துண்டு செய்வதைவிட நான்கைந்து மடங்கு நேரம் எடுக்கலாம். உடைந்ததை கட்டர் கோடுகளால் குறுக்கும் நெடுக்கும் கீறித் தட்டி எடுத்து, பழைய சால்டரை உருக்கி இழுத்து, நாடாவை உரித்து, குழியை அச்செடுத்து, அதற்குச் சரியாகப் புதுத் துண்டைத் தேய்க்க வேண்டும்.

பழைய ஈயத்தின் மேல் உள்ள வெள்ளைத் தூள் ஈய உப்பு. ஊதவோ உலர்ந்த துணியால் தட்டவோ கூடாது. கையுறையும் துகள் வடிகட்டும் முகமூடியும் போட்டு ஈரத்துணியால் துடைத்து, துணியைத் தனியாகக் கட்டி அப்புறப்படுத்துங்கள். சூளையில் சுட்ட ஓவியம், முகம், எழுத்து உள்ள பழைய துண்டுகள் வந்தால் தொடாமல், பழங்கண்ணாடி பராமரிப்பில் பயிற்சி பெற்றவரிடம் அனுப்பிவிடுங்கள். அந்த ஓவியம் ஈரத்துணி பட்டாலே பெயரக்கூடும், பெயர்ந்தால் திரும்ப வராது.